ரீமாஸ்டர்: எதிலிருந்து எடுத்த படி?

சில வருடங்களுக்கு முன் அம்மாவுக்காக ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் டிவிடி வாங்கி வந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் டூரிங் டாக்கீஸில் மூன்று முறை பார்த்த படம் என்று அடிக்கடி சொல்வார். அட்டையில் தங்க நிற எழுத்தில் ‘டிஜிட்டலி ரீமாஸ்டர்டு’ என்று போட்டிருந்தது. படத்தைப் போட்டால் கீறல் இல்லை, தூசி இல்லை, மழை பெய்வது மாதிரி ஓடும் கோடுகளும் இல்லை. நல்ல டிஸ்க்தான் என்று சந்தோஷப்பட்டேன். பாட்டு வந்தது. அம்மா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, “மூக்குத்தி மின்னவே இல்லையே” என்றார்.

கதாநாயகி முகத்தைத் திருப்பும் இடத்தில் மூக்குத்தி ஒரு நொடி பளிச்சென்று மின்னுமாம். அவர் சொன்ன பிறகு நானும் உற்றுப் பார்த்தேன். மூக்குத்தி மங்கிக் கிடந்தது. கன்னம் மெழுகு பூசினாற்போல் வழவழவென்று இருந்தது. புடவையின் ஜரிகை வேலைப்பாடு முழுக்கக் கரைந்து ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிந்தது. கீறலோடு சேர்த்துப் படத்தையும் துடைத்திருந்தார்கள்.

‘ரீமாஸ்டர்’ என்றால் என்ன என்று நான் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

முதலில் ‘மாஸ்டர்’. லத்தீனில் ‘மாகிஸ்’ என்றால் ‘அதிகம்’. அதிலிருந்து ‘மாகிஸ்டர்’, அதாவது பெரியவர், தலைவர், ஆசான். (இதற்கு எதிர்ப்பக்கத்தில் ‘மினுஸ்’, ‘குறைவு’. அதிலிருந்து வந்த ‘மினிஸ்டர்’ என்பதற்கு முதற்பொருள் பணியாள்.) இந்த மாகிஸ்டர் ஆங்கிலத்துக்குப் போய் மாஸ்டர் ஆனது. நம்மூரில் அந்தச் சொல்லுக்கு நல்ல மரியாதை உண்டு. டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர் என்று கைத்தொழிலில் தேர்ந்தவரை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம். ஆளைக் குறித்த சொல் பிறகு பொருளுக்கும் ஏறியது. எல்லாப் பூட்டையும் திறப்பது மாஸ்டர் சாவி. மற்ற எல்லாப் படிகளும் எதிலிருந்து எடுக்கப்படுகின்றனவோ அது மாஸ்டர் காப்பி.

இந்தப் பொருள் நன்றாக வேரூன்றியது இசைத்தட்டுத் தொழிலில். அங்கே அரக்குத் தட்டில் பாட்டை வெட்டி, அதன்மேல் உலோகம் படியவைத்து எடுக்கும் அச்சுக்கு மாஸ்டர் என்று பெயர். அதிலிருந்து எடுக்கும் அடுத்த உலோகத் தட்டை ‘மதர்’, அதாவது தாய் என்பார்கள். தாயிலிருந்து எடுப்பதுதான் கடைசியில் தட்டுகளை அழுத்தி அச்சடிக்கும் ஸ்டாம்பர். 1980களில் குறுந்தகடு வந்தபோது பழைய நாடாக்களிலிருந்து பாட்டுகளை மறுபடி எடுத்து விற்றார்கள். ‘டிஜிட்டலி ரீமாஸ்டர்டு’ என்ற வாசகம் அட்டைகளில் பரவியது அப்போதுதான். அப்புறம் டிவிடி வந்ததும் சினிமா அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இனி ‘ரீ’. இந்த முன்னொட்டுக்கு லத்தீனில் இரண்டு பொருள்: ‘பின்னோக்கி’ என்றும் ‘மறுபடியும்’ என்றும். தமிழில் ‘திரும்ப’ என்ற சொல்லும் அப்படித்தான். ‘ஊருக்குத் திரும்பினான்’ என்றால் கிளம்பிய இடத்துக்கே போனான். ‘திரும்பச் சொன்னான்’ என்றால் இன்னொரு தடவை சொன்னான். ரீமாஸ்டரின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு ‘திரும்ப’வுக்கு நடுவில்தான் இருக்கிறது. மூலத்துக்குத் திரும்பிப் போய் எடுத்த புதுப் படியும் ரீமாஸ்டர்தான். கையில் இருக்கிற பழைய வீடியோப் படியையே இன்னொரு தடவை கம்ப்யூட்டரில் ஓட்டித் துடைத்ததும் ரீமாஸ்டர்தான். அட்டையைப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

படச்சுருள் காலத்துப் படத்துக்கு மூலம் என்பது கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவ். நம் சினிமாக்காரர்கள் ஒரு படத்தின் முழு உரிமையையே ‘நெகட்டிவ் ரைட்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு பெரிய சொத்து அது. நெகட்டிவிலிருந்து மாஸ்டர் பாசிட்டிவ், அதிலிருந்து டூப் நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டருக்குப் போகும் பிரிண்ட் என்று ஒரு வம்சவரிசை உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும் கூர்மை கொஞ்சம் குறையும், நிழலின் ஆழம் கொஞ்சம் போகும். பல ஊர் பார்த்துத் தேய்ந்த பிரிண்டிலிருந்து வீடியோ எடுத்து, அந்த வீடியோவைத் துடைத்து டிஸ்க் போட்டால் அது பேரனுக்குப் பேரன்.

எண்ணிக்கையில் சொன்னால் இன்னும் எளிது. ஒரு விசிடியின் படச்சட்டத்தில் சுமார் 1 லட்சம் புள்ளிகள். டிவிடியில் சுமார் 4 லட்சம். புளூ-ரேயில் 20 லட்சத்துக்கு மேல். 4கே டிஸ்க்கில் 80 லட்சத்தைத் தாண்டும். நன்றாக எடுத்த 35 மிமீ நெகட்டிவில் 4கே அளவுக்கு ஈடான விவரம் இருக்கிறது. 60 வருடத்துக்கு முந்தைய படமாயிற்றே, இதற்கு மேல் தெளிவு எங்கே வரும் என்று நினைப்பது தவறு. நெகட்டிவ் பத்திரமாக இருந்தால், அந்தப் படத்தை அன்றைக்குத் தியேட்டரில் பார்த்தவர்களைவிடத் தெளிவாக நாம் பார்க்க முடியும்.

சரி, துடைப்பதில் என்ன கெடுதல்? படச்சுருளில் படம் என்பது நுண்ணிய மணிகளால் ஆனது. கறுப்பு வெள்ளையில் அவை வெள்ளி மணிகள். வண்ணப் படத்தில் வெள்ளி கழுவப்பட்டு அந்த இடத்தில் சாயத் திட்டுகள் நிற்கும். ஆங்கிலத்தில் இதைக் ‘கிரெயின்’ என்கிறார்கள். நெல்மணி, கோதுமை மணி என்கிறோமே, அதே மணிதான். திரையில் லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும் அந்த மணிகளைப் பழக்கமில்லாத கண் அழுக்கு என்று நினைத்துவிடும். ‘டிஎன்ஆர்’ எனப்படும் இரைச்சல் குறைப்பு மென்பொருள், அடுத்தடுத்த படச்சட்டங்களை ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து அடுத்ததில் இல்லாத புள்ளிகளை எல்லாம் அழிக்கிறது. மணிக்கும் தோலின் துளைக்கும் புடவையின் இழைக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றிரண்டு சட்டங்கள் மட்டும் மின்னும் மூக்குத்தி அதன் கணக்கில் தூசி. ‘கிளாடியேட்டர்’ படத்தின் 2009 புளூ-ரேயில் தொடக்கப் போர்க்காட்சியில் பறக்கும் நெருப்பு அம்புகள் சில இப்படித்தான் காணாமல் போயின. அடுத்த வருடமே புதுப் படியோடு மறுபடி வெளியிட்டார்கள். அம்மாவின் மூக்குத்திக்கும் அந்த அம்புகளுக்கும் ஒரே கதிதான் என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

எனக்கு இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் கோயில் சுவர்கள் நினைவுக்கு வரும். திருப்பணி என்ற பெயரில் கருங்கல்லைப் பளிச்சென்று ஆக்க மணலை அழுத்தத்தோடு பீய்ச்சியடித்தார்கள். சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போயின. கூடவே கல்வெட்டு எழுத்துகளும் சிற்பங்களின் நகமும் நகையும் தேய்ந்துபோயின. எதிர்ப்பு எழுந்து அந்த முறைக்குத் தடை வந்தது. படச்சுருள் விஷயத்தில் அப்படி ஒரு தடை கிடையாது.

இரண்டு ‘திரும்ப’வையும் ஒரே படத்தில் பார்க்க வேண்டுமென்றால் ‘ஸ்பார்ட்டகஸ்’ போதும். 1960இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கத்தில் வந்தது. 35 மிமீ சுருளைக் கேமராவுக்குள் கிடைமட்டமாக ஓட்டி, வழக்கத்தைவிடப் பெரிய சட்டத்தில் பதிவுசெய்து, 70 மிமீ பிரிண்ட் போட்ட படம். அவ்வளவு நுணுக்கம் அதன் நெகட்டிவில் இருந்தது. 1967இல் மறுவெளியீடு செய்தபோது 23 நிமிடங்களை வெட்டினார்கள். நெகட்டிவின் வண்ணமும் காலப்போக்கில் மங்கிப்போனது. 1991இல் ராபர்ட் ஏ. ஹாரிஸ் குழுவினர் அதை மீட்டார்கள். பாதுகாப்புக்காக மூன்று நிறங்களையும் தனித்தனியே பிரித்து எடுத்து வைத்திருந்த கறுப்பு வெள்ளைச் சுருள்களைத் தேடி, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி வண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குத் தணிக்கையில் போன ஒரு குளியலறைக் காட்சிக்குப் படம் கிடைத்தது, ஒலி கிடைக்கவில்லை. டோனி கர்ட்டிஸ் தன் வசனத்தை மறுபடி பேசினார். லாரன்ஸ் ஒலிவியே 1989இலேயே காலமாகிவிட்டதால் அவர் குரலில் ஆந்தனி ஹாப்கின்ஸ் பேசினார். இவ்வளவும் மூலத்தை நோக்கிய பயணம்.

பிறகு 2010இல் படத்தின் 50ஆம் ஆண்டுக்கென்று புளூ-ரே வந்தது. 1991இன் உழைப்பெல்லாம் கையில் இருந்தும், பழைய வீடியோப் படியையே எடுத்து டிஎன்ஆரால் தேய்த்து வெளியிட்டார்கள். மீட்டெடுத்த ஹாரிஸே அதை வெளிப்படையாகக் குறைசொன்னார். அவர் சொன்னது வீண்போகவில்லை. அதே ஸ்டுடியோ அவரையே கூப்பிட்டு, சுருள்களை மறுபடி ஸ்கேன் செய்து, 4கேயில் வேலை முடித்து, 2015இல் புது டிஸ்க் வெளியிட்டது. தோல் தோலாகத் தெரிகிறது, கவசத்தின் உலோகம் உலோகமாக மின்னுகிறது. 2010இல் ஆசையோடு வாங்கியவர் 2015இல் மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று, அது மட்டும்தான் எனக்கு வருத்தம்.

துடைப்பது ஒரு வகைக் கெடுதல் என்றால், நிறத்தை மாற்றுவது இன்னொன்று. 1971இல் வந்த ‘த ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்’ படத்தின் 2009 புளூ-ரேக்கு இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கினே நிறத்தை வெளுத்து மாற்றினார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதைக் கடுமையாக எதிர்த்தார். 2012இல் இருவரும் ஒப்புக்கொண்ட நிறத்தில் மறுபடி டிஸ்க் வந்தது. படத்தை எடுத்தவரே மாற்றினாலும், 1971இல் திரையில் இருந்த நிறம் அதுவல்ல என்று சொல்ல ஒருவர் இருந்தது நல்லதாயிற்று.

சட்டத்தை வெட்டுவது மூன்றாவது. சினிமாஸ்கோப் படத்தைப் பழைய சதுர டிவிக்காக இரண்டு பக்கமும் வெட்டினால் நூற்றில் 43 பங்கு படம் போய்விடும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) மாதிரி அரசவையை அகலத்தில் பரப்பிக் காட்டும் படத்தை அப்படி வெட்டினால் அவையில் பாதிப்பேர் இருக்க மாட்டார்கள்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். மறுவெளியீட்டு விளம்பரங்களில் நாம் பார்ப்பது ‘புதுப்பொலிவுடன்’, ‘மெருகேற்றப்பட்டு’. கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் மெருகேற்றுவது என்றால் மேற்பரப்பைத் தேய்ப்பது. மெழுகு முகத்துக்குக் காரணமான வேலைக்கே இது சரியான பெயர். நல்ல ரீமாஸ்டருக்கு இந்தச் சொல்லை வைப்பது அநியாயம். ‘மறுபதிப்பு’ என்றால் அதே அச்சில் இன்னொரு தடவை போட்டது என்றுதான் புத்தக உலகில் பொருள். ‘ரீ-ரிலீஸ்’ என்பதற்கு வேண்டுமானால் பொருந்தும். ‘மீளுருவாக்கம்’ என்றால் திரும்ப உருவாக்கியது, ரீமேக் பக்கம் போய்விடுகிறது.

நம்மிடம் இதற்கு ஏற்ற சொற்கள் ஏட்டுச்சுவடிக் காலத்திலிருந்தே இருக்கின்றன. ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்று எழுதுவது படி எடுத்தல். எதைப் பார்த்து எழுதினார்களோ அது மூலம். படிகளுக்குள் வரும் வேறுபாடு பாடபேதம். உ.வே.சாமிநாதையர் ஒரே நூலுக்கு ஊர் ஊராகப் போய்ப் பல சுவடிகளைத் தேடியது, எது மூலத்துக்கு நெருக்கமானது என்று பார்க்கத்தான். சங்க நூல்களின் பதிப்புகளில் ஏடு சிதைந்த இடங்களில் புள்ளி புள்ளியாக விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இல்லாததைத் தாமே இட்டு நிரப்பவில்லை. படச்சுருளுக்கும் இதே அறம்தான் தேவைப்படுகிறது.

அதனால் நெகட்டிவுக்கு ‘மூலச்சுருள்’ என்றும், மாஸ்டருக்குத் ‘தாய்ப்படி’ என்றும் சொல்லலாம். இசைத்தட்டுக்காரர்கள் ஏற்கெனவே தாய் என்று சொன்னதுதான். ரீமாஸ்டர் என்பது ‘புதுத் தாய்ப்படி’. ரீமாஸ்டர் செய்வது ‘புதுத் தாய்ப்படி எடுத்தல்’. ரெஸ்டோரேஷன் வேறு வேலை. சிதைந்ததை, தொலைந்ததைத் தேடிச் சேர்ப்பது. அதற்கு ‘மீட்டெடுப்பு’. டிஎன்ஆரைக் கண்மூடித்தனமாக ஓட்டுவதற்கு ‘மணியழிப்பு’ என்று நான் சொல்லிவருகிறேன்.

‘புதுத் தாய்ப்படி’ என்று சொன்னவுடன் ‘எதிலிருந்து எடுத்தது?’ என்ற கேள்வி தானாக வருகிறது. ‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லில் அந்தக் கேள்வி வராமல் போனதால்தான் இவ்வளவு ஏமாற்றமும். தமிழ்ப் படங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) சுருளே இன்று கிடையாது. மிச்சமிருக்கும் பல சுருள்கள் சூட்டிலும் ஈரத்திலும் புளித்த வாடை அடித்துச் சுருங்கிக்கொண்டிருக்கின்றன. மூலச்சுருள் போய்விட்டதென்றால் பிரிண்டிலிருந்துதான் எடுக்க முடியும், அதில் தவறில்லை. அதை அட்டையில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்பார்ட்டகஸின் இரண்டு டிஸ்க்குகளுக்கும் நான் தமிழில் அட்டை எழுதினால் இப்படி எழுதுவேன். 2010: ‘பழைய வீடியோப் படி, மணியழிக்கப்பட்டது.’ 2015: ‘1991 மீட்டெடுப்பின் சுருள்களிலிருந்து எடுத்த புதுத் தாய்ப்படி.’ அம்மாவுக்கு வாங்கிய டிஸ்க்கின் அட்டையில், தங்க எழுத்துக்குக் கீழே, பால்பாயிண்ட் பேனாவால் நான் எழுதிவைத்திருப்பது: ‘தேய்ந்த பிரிண்ட், மணியழிப்பு. மூக்குத்தி இல்லை.’