பாய்வதுபோல் நின்று பின்வாங்குபவர்: டிக் லெபோவின் சோன் பிளிட்ஸ்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசுபவர் குவார்ட்டர்பேக். அவர் வீசுவதற்குள் அவரைப் பிடித்துச் சாய்க்க, தடுப்பாட்ட அணி வழக்கமாக நான்கு பேரை அனுப்பும். ஐந்து, ஆறு பேர் பாய்ந்தால் அது பிளிட்ஸ். பாய்பவர்கள் கூடக் கூட வீசுபவருக்கு நேரம் குறையும். ஆனால் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களைக் காக்கப் பின்னால் ஆளும் குறையும். பதினொருவரில் ஆறு பேர் பாய்ந்தால் மீதி ஐவர்தான். அந்த ஐவரில் ஒருவர் கால் இடறினாலே ஆறு புள்ளி போய்விடும். நெருக்கடியும் வேண்டும், பின்காவலும் வேண்டும் என்றால் என்ன செய்வது? இதற்குக் களத்தில் நிலைத்த விடையைத் தந்தவர் பயிற்சியாளர் டிக் லெபோ. அதன் பெயர் சோன் பிளிட்ஸ்.

லெபோ 1937இல் ஒஹாயோ மாநிலத்தின் லண்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1957இல் தேசியப் பட்டம் வென்ற ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். 1959இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, பருவம் தொடங்குமுன்பே கழற்றிவிட்டது. டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்துக்கொண்டது. அங்கே 1972 வரை 14 பருவங்கள், களத்தின் ஓரத்தில் ரிசீவர்களைக் காக்கும் கார்னர்பேக்காக ஆடினார். தொடர்ச்சியாக 171 ஆட்டங்கள், 62 இன்டர்செப்ஷன்கள். அதாவது எதிரணி வீசிய பந்தை 62 முறை நடுவழியில் பறித்திருக்கிறார்.

1960 முதல் 1965 வரை களத்தின் மறுகோடியில் நின்றவர் ‘நைட் ட்ரெயின்’ லேன் என்ற பேர்பெற்ற கார்னர்பேக். அவர் பக்கம் வீசப் பயந்த குவார்ட்டர்பேக்குகள் லெபோ பக்கம் வீசினார்கள். பந்து ஓயாமல் தன்னை நோக்கி வரும் இடத்தில் நிற்பவருக்கு ஒரு பாடம் ஆழமாகப் பதியும்: பறிப்பதற்குக் காலைவிடக் கண் முக்கியம். ஆளுக்கு ஆள் காவல் காக்கும்போது ரிசீவரைத் துரத்த வேண்டியிருக்கிறது, முதுகு வீசுபவர் பக்கம் திரும்பிவிடுகிறது. பகுதிக் காவலில், அதாவது ‘சோன்’ முறையில், ஒவ்வொருவருக்கும் ஒரு நிலப்பகுதி. முகம் வீசுபவரை நோக்கியே இருக்கும். அவர் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, கை எப்போது மேலே போகிறது என்பதெல்லாம் தெரியும். லெபோ பின்னாளில் கட்டிய திட்டம் முழுவதும் இந்த அடிப்படையில் நிற்கிறது என்பதே என் எண்ணம். சோன் பிளிட்ஸின் உண்மையான இலக்கு வீசுபவரின் உடலல்ல, அவருடைய முடிவு.

1984இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் தடுப்பாட்டப் பயிற்சியாளரானபோது லெபோ எதிர்கொண்ட சிக்கல் இது. பிளிட்ஸுக்கு அப்போதைய தாக்கும் அணிகளிடம் ஒரு கைமருந்து இருந்தது. முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஒருவர் பாய்ந்து வந்தால், அவர் விட்டு வந்த இடம் காலி. ரிசீவர் தன் ஓட்டத்தைச் சுருக்கி அந்த இடத்துக்குள் சாய்வாக வெட்டுவார். குவார்ட்டர்பேக் மூன்று காலடி பின்வாங்கி, ஏறத்தாழ ஒன்றரை நொடிக்குள் பந்தை அங்கே எறிந்துவிடுவார். இதற்கு ஹாட் ரூட் என்று பெயர். பில் வால்ஷ் சின்சினாட்டியிலேயே உதவிப் பயிற்சியாளராக இருந்தபோது உருவாக்கி, பின்னர் சான்ஃபிரான்சிஸ்கோவில் முழுமையாக்கிய குறுவீச்சு முறையில் இது தினசரிப் பழக்கம். அந்தக் குறுவீச்சும் அதை முறியடிக்க வந்த முறையும் ஒரே ஊரில் பிறந்தவை.

லெபோ, மயாமி டால்ஃபின்ஸ் தடுப்பாட்டத்தை வளர்த்த பில் ஆர்ன்ஸ்பார்கரைத் தேடிப் போனார். அப்போது அவர் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். பின்காவலைப் பணயம் வைக்காத நெருக்கடி வேண்டும் என்பதே அந்தப் பேச்சின் சாரம். முன்வரிசை ஆளையே பின்னுக்கு அனுப்பும் பழக்கம் மயாமியில் ஏற்கெனவே இருந்தது. லெபோ அதை ஒரு முழு முறையாக வளர்த்தார்.

இனி அதன் உறுப்புகளைப் பார்ப்போம். லெபோ பிற்காலத்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் பயன்படுத்திய 3-4 அமைப்பை எடுத்துக்கொள்ளலாம். முன்வரிசையில் மூவர்: நடுவில் நோஸ் டேக்கிள், இருபுறமும் ஒவ்வோர் எண்ட். அடுத்து நான்கு லைன்பேக்கர்கள்: வெளியே இருவர், உள்ளே இருவர். கடைசியில் இரு கார்னர்பேக்குகள், இரு சேஃப்டிகள். எதிரே குவார்ட்டர்பேக்கைக் காக்க ஐந்து லைன்மேன்களும் (நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள்), பின்னால் பந்தோடு ஓடுபவரான ஒரு ரன்னிங்பேக்கும். ஆறு காவலர்கள்.

பாய்பவர்கள் ஐவர்தான். ஐந்தை ஆறு பேர் தடுக்கலாமே என்று தோன்றும். தடுக்க முடியாமல் போவதற்குக் காரணம், அந்த ஆறு பேரில் சிலர் தவறான ஆளுக்காகக் காத்திருப்பது. வலப்பக்கம் பாயப்போகிறோம் என்று வையுங்கள். வலது எண்ட் நேராகப் போகாமல் உள்பக்கம் சாய்ந்து, எதிரிலுள்ள கார்டையும் தன்னோடு உள்ளே இழுக்கிறார். வலது வெளி லைன்பேக்கர் அகலமாகச் சுற்றி, டேக்கிளை வெளியே இழுக்கிறார். இடையில் கதவு திறக்கிறது. அதன் வழியாக உள் லைன்பேக்கர் வருகிறார். எதிரே மிஞ்சியிருப்பவர் ரன்னிங்பேக் மட்டும். நோஸ் டேக்கிள் இடப்பக்கம் சாய்ந்து சென்டரையும் அந்தப் பக்கத்துக் கார்டையும் கட்டிப்போடுகிறார். இடது வெளி லைன்பேக்கரும் பாய்கிறார்.

இடது எண்ட் என்ன செய்கிறார்? 130 கிலோவுக்கு மேல் எடை, ஒரு கை தரையில். பந்து அசைந்ததும் முன்னால் ஒரு காலடி வைத்து எதிரிலுள்ள டேக்கிளின் மார்பில் கையால் ஓங்கிக் குத்துகிறார். டேக்கிள் கால் ஊன்றி அவரைத் தாங்கத் தயாராகிறார். அந்த அரை நொடிக்குள் இடது வெளி லைன்பேக்கர் அவரைச் சுற்றிப் போய்விடுகிறார். எண்டோ இடுப்பைத் திருப்பி ஐந்தாறு கெஜம் பின்னால் ஓடி, முகத்தை வீசுபவர் பக்கம் வைத்து நிற்கிறார். அவருடன் இன்னோர் உள் லைன்பேக்கரும், கீழிறங்கி வரும் ஒரு சேஃப்டியும் சேர்ந்தால் முன்பகுதிக்கு மூவர். இரு கார்னர்பேக்குகளும் மற்றொரு சேஃப்டியும் ஆழத்தில் மூவர். 5, 3, 3. மொத்தம் பதினொன்று.

களத்தின் அகலம் 53 1/3 கெஜம், ஏறத்தாழ 48.8 மீட்டர். மூன்றாகப் பிரித்தால் ஆளுக்குப் பதினாறு மீட்டருக்குச் சற்று மேல். ஒருவரால் காக்க முடியாத அகலம். அதனால்தான் நேரத்தைச் சுருக்கியாக வேண்டும். கடினமாக எறிந்த பந்து நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் போகும். பத்து மீட்டர் தொலைவிலுள்ள ரிசீவரை அரை நொடிக்குள் தொடும். மனிதக் கண் பார்த்து உடல் அசையவே கால் நொடி ஆகிவிடும். எஞ்சிய கால் நொடியில் யாரும் அதிகமாக ஓடிவிட முடியாது. ஆகவே காவலர் பந்து வரும் பாதையில் முன்கூட்டியே நிற்க வேண்டும். ஹாட் ரூட் எங்கே போகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். லைன்பேக்கர் காலி செய்ததாகக் காட்டிய இடத்தில்தான் அந்த எண்டை நிறுத்துகிறார்கள். அவர் யாரையும் துரத்த வேண்டியதில்லை. விரித்த இரு கைகளோடு அங்கே இருந்தால் போதும். 2010இல் டாம்பா பே அணிக்கு எதிராக ஸ்டீலர்ஸ் எண்ட் பிரெட் கைசல் இப்படிப் பறித்த பந்தோடு 79 கெஜம் ஓடிப் புள்ளி எடுத்தார்.

இந்தத் தர்க்கத்தின் உச்சம் 2009 பிப்ரவரி 1 அன்று, டாம்பாவில் நடந்த, தேசியக் கால்பந்து லீக்கின் பட்டப் போட்டியான 43வது சூப்பர் பௌலில். முதல் பாதி முடிய 18 நொடி. அரிசோனா கார்டினல்ஸ் ஸ்டீலர்ஸின் கோல் கோட்டிலிருந்து ஒரே கெஜத்தில். லெபோ அழைத்தது பிளிட்ஸ். வெளி லைன்பேக்கர் ஜேம்ஸ் ஹாரிசனின் வேலை பாய்வது. பிளிட்ஸ் வந்தால் அரிசோனா குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் உடனே குறுகிய வீச்சுக்குப் போவார் என்று ஊகித்த ஹாரிசன், பாய்வதுபோல் காட்டி இரண்டு காலடி பின்வாங்கினார். ரிசீவர் ஆன்குவான் போல்டினுக்கு வார்னர் வீசிய பந்து ஹாரிசன் கைக்கு வந்தது. 100 கெஜம் ஓடினார். ஏழு புள்ளி இழக்க வேண்டிய அணி 17-7 என்ற முன்னிலையுடன் இடைவேளைக்குப் போனது. இறுதியில் 27-23 என வென்றது. உத்தரவை மீறிய ஆட்டம்தான். ஆனால் உத்தரவிட்டவர் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்ததையே ஹாரிசன் செய்தார்.

இந்த முறை பிசகும் இடங்களும் உண்டு. எண்ட் குத்தாமலே பின்வாங்கினால் டேக்கிள் உடனே கண்டுகொண்டு பக்கத்து ஆளுக்கு உதவப் போய்விடுவார். பாய்ந்தவர்கள் எல்லோரும் அடைபடுவார்கள். குத்தியபின் ஒரு கணம் கூடுதலாக நின்றாலோ பந்து அவர் தலைக்குப் பக்கத்தில் பறந்துவிடும். வீச்சுக்குப் பதில் ஓட்டமாக இருந்தால், எண்ட் விட்டுப்போன இடைவெளியே எதிரணிக்குப் பாதை. ஆழத்தில் மூவர் இருக்கும்போது நான்கு ரிசீவர்கள் நேராக ஓடினால் இரு பகுதிகளுக்கு இடையிலுள்ள தையலில் ஒருவர் தனியாக நிற்பார். முன்பகுதி ஆள் அவரோடு ஓடியாக வேண்டும், 130 கிலோ எண்டுக்கு அது ஆகாத காரியம். குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து அணி ரிசீவர்களைப் பரப்பி நிறுத்தி இந்தப் பலவீனத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டியது. பரப்பி நிறுத்தினால் மாறுவேடம் போடவும் இடம் குறைகிறது: எல்லோரும் தத்தம் ரிசீவரருகே போய் நிற்க வேண்டியிருக்கிறது, யார் வருவார்கள் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது.

எல்லோரும் ஒரே கணத்தில் மாற வேண்டும் என்பதால், கற்கவும் நாளாகும். லெபோவின் அணிகளில் புதியவர்கள் முதல் ஆண்டிலேயே தொடக்க வரிசைக்கு வருவது அரிது. பலன் கிடைத்தபோது அது பெரிதாகவே கிடைத்தது: 2008 பருவத்தில் ஸ்டீலர்ஸ் லீக்கிலேயே மிகக் குறைந்த கெஜங்களையும் மிகக் குறைந்த புள்ளிகளையும் விட்டுக்கொடுத்த அணி. தலைமைப் பயிற்சியாளராக 2000 முதல் 2002 வரை பெங்கால்ஸில் 12 வெற்றி, 33 தோல்வி என்பது அவருடைய கணக்கின் மறுபக்கம். 2017இல் டென்னசி டைட்டன்ஸில் பணி முடித்தபோது ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் 59 பருவங்கள் ஆகியிருந்தன. 2010இல் கேன்டன் நகரிலுள்ள தொழில்முறைக் கால்பந்துப் புகழரங்கில் அவர் சேர்க்கப்பட்டது ஆட்டக்காரராக, அந்த 62 பறிப்புகளுக்காக.

இன்றைய பயிற்சியாளர்கள் முன்பகுதியிலுள்ள மூவர் போதாது என்ற குறையைச் சரிசெய்து வருகிறார்கள். ஆறேழு பேரை முன்வரிசையில் நிறுத்தி, நான்கு பேரை மட்டும் எதிர்பாராத பக்கத்திலிருந்து அனுப்பி, ஏழு பேரைப் பின்னால் இறக்குகிறார்கள். எண்ணிக்கையில் அது பிளிட்ஸே இல்லை. பாயாமல் இறங்கும் அந்த முன்வரிசை ஆள் மட்டும் முன்போலவே ஒரு குத்து விட்டு, இடுப்பைத் திருப்பி, வீசுபவரின் கண்ணைப் பார்த்தபடி பின்னால் ஓடுகிறார்.