மனநலக் காப்பகமா, மனநல மருத்துவமனையா?

கீழ்ப்பாக்கம் என்று சொன்னாலே நம் ஊரில் தனியாக ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது. யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமென்றால் "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்" என்கிறார்கள். இலங்கையில் இதே வேலைக்கு "அங்கொடை", அங்கேயும் மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்தான். செய்திகளிலோ "கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம்" என்று இன்றும் எழுதுகிறார்கள். கேலியை விடுங்கள், அது கேலி என்று எல்லாருக்கும் தெரியும். மரியாதையாக எழுதுகிறோம் என்று நினைத்து எழுதும் அந்தக் 'காப்பகம்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது.

அது எங்கிருந்து வந்தது? 'அசைலம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக வந்தது. அசைலத்தின் மூலம் கிரேக்கம். 'சூலோன்' என்றால் பிடித்துக் கைப்பற்றும் உரிமை, முன்னால் 'அ' சேர்ந்தால் அந்த உரிமை செல்லாத இடம், அதாவது கோயில் மாதிரி, உள்ளே ஓடி வந்துவிட்டவன்மேல் யாரும் கைவைக்க முடியாத இடம். தமிழில் அடைக்கலம், புகலிடம். போருக்குத் தப்பி ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போன ஈழத்தமிழர்கள் "அசைலம் அடிச்சனான்" (அகதியாக அடைக்கலம் கேட்டேன்) என்று பேச்சில் சொல்கிறார்களே, அதே சொல்தான் இது. ஆக மூலத்தைப் பார்த்தால் 'காப்பகம்' பிழையான மொழிபெயர்ப்பு இல்லை, நல்ல மொழிபெயர்ப்புதான்.

ஆனால் அசைலம் என்ற பெயரில் நடந்தது அடைக்கலம் இல்லை, அடைப்பு. சென்னையில் 1794இல் வாலன்டைன் கொனொலி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் தொடங்கிய இல்லத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. அந்த வளாகத்துக்கு அது வந்தது 1871இல். அப்போது அதன் பெயரில் 'லூனடிக்' என்ற சொல் இருந்தது. லத்தீனில் 'லூனா' என்றால் நிலா, நிலவு வளர்ந்து தேய்வதற்கேற்ப புத்தி பிசகும் என்ற நம்பிக்கை (நம்மிடமும் அமாவாசை, பௌர்ணமி என்று இது உண்டு). 1922இல் பெயரை 'மென்டல் ஹாஸ்பிடல்' என்று மாற்றிவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே ஆங்கிலத்தில் 'ஹாஸ்பிடல்' ஆகிவிட்டது, நாம்தான் இன்னும் காப்பகத்தை விடவில்லை.

சொல்தானே, அதில் என்ன என்று கேட்பவர்கள் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. அங்கே வைத்தியமே இல்லை, காப்பது மட்டும்தான். அதுவும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. இன்றைய 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது, தனியறையில் அடைத்துவைக்கக் கூடாது என்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை கொடுப்பதற்கும் தடை.

சரி, அப்படியானால் எது சரியான சொல்? மனநல மருத்துவமனை. இலங்கையில் 'உளநலம்' என்ற வழக்கும் உண்டு, அதுவும் அழகான சொல்தான். மனநல மருத்துவத்தைக் குறிக்கும் 'சைக்கியாட்ரி' என்ற சொல்லை 1808இல் ஜெர்மானிய மருத்துவர் யோஹான் ரைல் உருவாக்கினார். கிரேக்கத்தில் 'சைக்கி' என்றால் மூச்சு, உயிர், மனம். 'யாத்ரோஸ்' என்றால் குணமாக்குபவர். அந்தப் பெயரிலேயே வைத்தியம் இருக்கிறது. அதனால் அதைச் செய்பவர் மனநல மருத்துவர். உளவியலாளர் வேறு, அவர் பேசி, பரிசோதித்து உதவுவார், மாத்திரை எழுத மாட்டார். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இதில் 'மனநலம்' புதுச் சொல் இல்லை. "மனநலம் மன்னுயிர்க் காக்கம் இனநலம் எல்லாப் புகழும் தரும்" என்று குறளிலேயே வருகிறது. அங்கே பொருள் மனத்தின் நன்மை, நல்ல மனம். இன்றைய பொருள் மனத்தின் ஆரோக்கியம். உடல்நலம் என்பதில் இருக்கும் அதே நலம்தான். 'பைத்தியம்'கூட ஆதியில் வசைச் சொல் இல்லை, பித்தத்திலிருந்து வந்தது. பித்தம் தலைக்கேறிவிட்டது என்கிறோமே, அதுதான். பித்தம் கூடினால் மருந்து கொடுத்து இறக்கலாம் என்பதுதான் அதில் இருந்த எண்ணம்.

என் அத்தையை ஒரு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். தெருவில் கேட்டால் "நரம்பு டாக்டர்" என்று சொல்லச் சொல்வார். முதல் தடவை அங்கே உட்கார்ந்தபோது நான் எதிர்பார்த்தது வேறு, பார்த்தது வேறு. ஓ.பி. சீட்டோடு வரிசையில் ஏழெட்டு வயதுப் பையன், பெஞ்சுக்கு அடியில் புகுந்து புகுந்து வெளியே வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண், பிரசவத்துக்கு அப்புறம் தூக்கமே இல்லையாம். குடியை நிறுத்த வந்தவர். மஞ்சப்பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு, மகனையே "தம்பி நீங்க யாரு" என்று கேட்ட பாட்டி. யாழ்ப்பாணத்தில் இதை "அறளை பேர்ந்திட்டுது" என்பார்கள். அத்தனை வயதும் ஒரே வராந்தாவில். பெரும்பாலானவர்கள் மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறார்கள். படுக்கையில் சேர்ப்பது சிலரைத்தான், சிறுவர்களைச் சேர்த்தால் பெரியவர்களோடு வைக்காமல் தனி இடத்தில், கூடவே பெரியவர் ஒருவர் துணையோடு வைக்க வேண்டும் என்பதும் அந்த 2017 சட்டம்தான்.

இந்த இடத்தைக் காப்பகம் என்று எப்படிச் சொல்வது? காப்பகம் என்று கேட்டதும் திரும்பி வர முடியாத கதவுதான் மனதில் வருகிறது. அத்தை ரெண்டு வருஷம் தள்ளிப்போட்டதும் அந்தக் கதவை நினைத்துத்தான். இப்போது மாதம் ஒரு முறை போகிறோம், டோக்கன் வாங்கி, பார்த்துவிட்டு, வெளியே வந்து டீ குடித்துவிட்டு, மத்தியானச் சமையலுக்கு வீட்டில் இருக்கிறார்.