‘ஏழு நாள் தாண்டிடுச்சு’ என்று உங்களிடம் யார் சொன்னது?

"வக்கீலம்மா, ஏழு நாள் தாண்டிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாமே?" தண்டையார்பேட்டையிலிருந்து வந்தாலும் சரி, வியாசர்பாடியிலிருந்து வந்தாலும் சரி, ஆன்லைனில் வாங்கிய போன், டிவி, ஹெட்செட் என எது பழுதானாலும் இந்த ஒரே வாக்கியத்தோடுதான் ஆட்கள் வந்து உட்காருகிறார்கள். வழி இருக்கிறதா என்று கேட்க வருவதில்லை. வழி இல்லை என்று முடிவு கட்டிவிட்டு, அதை என் வாயாலும் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போகத்தான் வருகிறார்கள்.

கடைசியாக வந்தவர் கொருக்குப்பேட்டைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறார். மகள் காலேஜுக்குப் போகிறாள் என்று தவணையில் ஒரு போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, திரையில் மேலிருந்து கீழ்வரை பச்சைக்கோடு. ஆப்பைத் திறந்தால் ரிட்டர்ன் பட்டனைக் காணோம். சாட்டில் கேட்டதற்கு ‘உங்கள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது’ என்று பதில். அதை ஹைகோர்ட் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டு, எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கைக்காசைப் போட்டு டிஸ்ப்ளேவை மாற்றிவிட்டு, அப்புறம் என்னிடம் வருகிறார். பழைய டிஸ்ப்ளே எங்கே அண்ணே என்றேன். "அது கடையிலயே வுட்டுட்டேன்மா" என்றார். வாரண்டியும் போச்சு, சாட்சியும் போச்சு, தவணை மட்டும் மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, ஒரு தடவை நிதானமாகவே சொல்கிறேன். ஏழு நாள், பத்து நாள் என்பதெல்லாம் அந்தத் தளம் தானாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. அந்த நாட்களுக்குள் சொன்னால் பெரிதாகக் கேள்வி கேட்காமல் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பழுதான பொருளை விற்றவரின் பொறுப்பு எட்டாவது நாள் காலையில் தானாகக் கரைந்துபோகும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள் இருக்கின்றன. பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன அம்சம் அதில் இல்லாவிட்டாலோ, விற்பனையாளர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவோ பணத்தைத் தரவோ மறுக்கக் கூடாது என்று அந்த விதிகள் நேரடியாகவே சொல்கின்றன. அங்கே ஏழு நாள் என்ற பேச்சே கிடையாது. நுகர்வோர் ஆணையத்தில், அதாவது நாம் ‘நுகர்வோர் கோர்ட்’ என்று சொல்கிற இடத்தில், புகார் கொடுக்கச் சட்டம் தரும் காலம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. ஏழு நாள் எங்கே, இரண்டு வருஷம் எங்கே!

இதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். "ஆப்லயே போட்டிருக்கானேம்மா" என்பார்கள். ஆப்பில் போட்டதெல்லாம் சட்டம் என்றால், பில்லுக்கு அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று அச்சடித்துக் கொடுக்கிற கடைக்காரர்கள் எல்லாரும் எம்.பி. ஆகிவிடலாம். பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. அந்த நாட்கள் கழிந்துவிட்டாலும் பொருளில் குறை என்ற புகார் தனியாக நிற்கும், வாரண்டியும் தனியாக நிற்கும்.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் திருப்பித் தரலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். கலர் பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டில் ஆயிரம் ரூபாய் குறைவாக வாங்கிவிட்டார்கள், வீட்டுக்காரர் திட்டுகிறார் என்பதெல்லாம் பழுது ஆகாது. ஆன்லைனில் வாங்கியதை மனம் மாறித் திருப்பித் தரும் உரிமையை நம் சட்டம் தனியாகக் கொடுக்கவில்லை. அங்கே மட்டும் தளம் சொல்வதுதான் கணக்கு. அதேபோல, பதினொரு மாதம் தேய்த்துவிட்டு முழுப் பணமும் வேண்டும் என்றால் ஆணையமும் யோசிக்கும். சரிசெய்து கொடு, மாற்றிக் கொடு, பணத்தைக் கொடு, கூடவே இழப்பீடு கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் எதைக் கொடுப்பது என்பது நீங்கள் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு எழுத்தில் முறையிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

எழுத்து என்றதும் நினைவுக்கு வருகிறது. சாட்டில் ஒரு இயந்திரத்தோடு மணிக்கணக்கில் சண்டை போட்டுவிட்டு "கம்ப்ளைன்ட் பண்ணிட்டேன்மா" என்கிறீர்கள். அது கம்ப்ளைன்ட் இல்லை. ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில், கண்ணில் படாத அளவு சின்ன எழுத்தில் இருக்கும், தேடுங்கள். அவருக்கு மெயில் அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆர்டர் எண், பழுதின் போட்டோ, என்ன வேண்டும் என்பது, இவ்வளவு போதும். ‘என் வயிறு எரிகிறது’ என்பதையெல்லாம் எழுத வேண்டாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஜாப் ஷீட், அதாவது பொருளை வாங்கிக்கொண்டதையும் பழுதையும் எழுதித் தரும் தாள், வாங்காமல் வெளியே வராதீர்கள். தயவுசெய்து. ‘நாங்க பார்த்தோம், தண்ணி பட்டிருக்கு, வாரண்டி கிடையாது’ என்று வாயால் சொல்லி அனுப்புவதுதான் இப்போதைய பழக்கம். தண்ணீர் பட்டிருக்கிறது என்றால் எங்கே பட்டிருக்கிறது என்று போட்டோவோடு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் தண்ணீர் காய்ந்துவிடுகிற அதிசயத்தை நான் பார்த்திருக்கிறேன். பொருளில் குறை இருக்கிறதா என்பதில் தகராறு வந்தால் அதைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதனால்தான் வெளிக்கடையில் பிரிக்காதீர்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறேன்.

அன்பாக்ஸிங் வீடியோ இல்லையென்றால் புகாரே எடுபடாது என்பதும் பொய். எடுத்து வைத்தால் நல்லது, குறிப்பாகப் பெட்டிக்குள் சோப்புக்கட்டி வருகிற கதைகளுக்கு. ஆனால் சட்டம் அதை நிபந்தனையாக வைக்கவில்லை. அதைவிட முக்கியம், திறந்து காட்டும் டெலிவரி என்றால் பொருளைப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். ஓடிபி சொன்னால் ‘சரிபார்த்து வாங்கிக்கொண்டார்’ என்று பதிவாகிவிடும். அவசரப்படுத்துகிற டெலிவரி பையனிடம் கத்தவும் வேண்டாம், அவனுக்கு அடுத்த வீடு மூலக்கடையில் இருக்கும். "ரெண்டு நிமிஷம் இருப்பா" என்று சொல்லிவிட்டுப் பாருங்கள். விற்பனைப் பக்கத்தை வாங்கும்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பிறகு போய்ப் பார்த்தால் அம்சங்கள் மாறியிருக்கும். பவர் பேங்க், சார்ஜர் என்றால் அதன்மேல் ஆர் எழுத்தோடு தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும், பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்துப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிற்றைக் கலக்குவது, கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடுகிற பழக்கம். ராயபுரத்தில் ஒரு அக்கா, இரண்டாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு ரீஃபண்ட் கேட்கப் போய், தேடலில் முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டு, அவன் சொன்ன ஆப்பை இறக்கி, வங்கிக் கணக்கில் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டார். பணம் திரும்பத் தருவதற்கு எந்தக் கம்பெனியும் உங்கள் போன் திரையைப் பார்க்க வேண்டியதில்லை, யுபிஐ பின் எண்ணை அடிக்கச் சொல்ல வேண்டியதும் இல்லை. பின் அடித்தால் பணம் போகும், வராது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

பழுதான பொருளுக்கு அழைக்க வேண்டியது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். நிறைய விவகாரம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ‘வழக்கு பெங்களூரில்தான் போட வேண்டும்’ என்று நிபந்தனையில் எழுதியிருந்தாலும் பயப்படாதீர்கள், நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. நம் வடசென்னைக்காரர்களுக்கு பார்க் டவுன்தான், பேசின் பிரிட்ஜ் தாண்டினால் வந்துவிடும். அதுவும் வேண்டாமென்றால் நுகர்வோர் புகாருக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை, இதைச் சொல்வதற்கு என் சகாக்கள் என்னைத் திட்டினாலும் சரி. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் இழுக்கும், அதற்கும் தயாராகவே வாருங்கள்.

காசிமேட்டில் மீன் விற்கிற ஒருவர் ஆன்லைனில் வாங்கிய எலக்ட்ரானிக் தராசு எடையைத் தாறுமாறாகக் காட்டியது. ‘நீங்கள் வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நுகர்வோரே இல்லை’ என்று பதில் மெயில் வந்திருக்கிறது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது, அந்தப் பத்தியை அப்படியே எடுத்து தளத்தின் குறைதீர் அலுவலருக்கு பதில் அனுப்பச் சொன்னேன். தராசை அரசு எடையளவுத் துறையின் முத்திரை போடாமல் விற்பனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது வேறு கதை, அதற்கும் ஒரு திட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.