டம்ளரில் என்னென்ன போட்டீர்கள்?

"மாத்திரை தவிர வேறு ஏதாவது எடுக்கிறீர்களா?" என்று கேட்டால், அலர்ஜிக்காக வருகிறவர்களில் பலர் "இல்லை டாக்டர்" என்பார்கள். கொஞ்சம் துருவினால்தான் இஞ்சி, துளசி, மஞ்சள், அதிமதுரம் எல்லாம் கொதித்த கஷாயம் வெளியே வரும். அது மருந்துக் கணக்கில் சேராது என்பது அவர்கள் எண்ணம்.

நான் இந்த மூலிகைத் தேநீருக்கு எதிரி இல்லை. மூக்கடைத்துத் தொண்டை கரகரக்கும்போது சூடாக ஒரு கப் குடித்தால் இதமாகத்தான் இருக்கும். 2008-இல் கார்டிஃப் பல்கலைக்கழகம் சளி பிடித்தவர்களிடம் ஓர் ஆய்வு செய்தது. சூடான பழபானம் குடித்ததும் மூக்கொழுகல், தும்மல், இருமல் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். கருவி வைத்து அளந்தால் மூக்கில் காற்றோட்டம் முன்பு இருந்தபடியேதான் இருந்தது. பெப்பர்மின்ட் தேநீரும் இதே ரகம். அதிலுள்ள மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுவதால் மூக்கு திறந்துகொண்டதுபோல் தோன்றும். உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும்.

மகரந்தமோ தூசியோ பட்டதும் மூக்குச் சவ்விலுள்ள செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுவதுதான் அலர்ஜி. அதைத் தேநீர் தடுக்காது. அதற்கென்று உள்ள ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே முழுப் பலன் தர ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டு நாள் அடித்துவிட்டு "கேட்கவில்லை" என்று கஷாயத்துக்கு மாறுகிறவர்கள் சீசன் முழுக்கச் சிரமப்படுகிறார்கள்.

சிலருக்குத் தேநீரே வம்பாகிவிடுகிறது. மகரந்த அலர்ஜி உள்ள ஒரு பெண்மணி, இரவில் தூக்கம் வரட்டும் என்று கெமோமில், அதாவது சீமைச்சாமந்தித் தேநீர் குடிக்கத் தொடங்கினார். பாதி கப் இறங்குவதற்குள் உதடு அரிக்கும், கண் சிவக்கும். அதையும் சீசன் கோளாறு என்று நினைத்து இன்னொரு கப் போட்டுக்கொள்வாராம்! ராக்வீட், மாசிபத்திரி போன்ற செடிகளின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அதே சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த கெமோமிலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அரிதாக உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கும் போனதுண்டு. அதனால் பத்து மூலிகையை ஒன்றாகக் கொட்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று போதும். ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்றாவது தெரியும்.

என்னைக் கேட்டால் வெறும் இஞ்சியே போதும். நாலைந்து வில்லை, கொதித்த நீர், பத்து நிமிடம் மூடி வைத்தால் சரி. நாக்கைச் சுடும் பதத்தில் குடிக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோயைக் கருதி, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் இஞ்சி, மஞ்சளைத் தினமும் குடிக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டும் கூடாது. பாட்டுலிசம் என்ற நஞ்சுப் பாதிப்பு வரக்கூடும்.

அப்புறம், மூச்சு விடும்போது விசில் சத்தம் வந்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, உதடும் நாக்கும் வீங்கினாலோ கஷாயம் போட அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். இன்ஹேலர் தந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.