வங்கி ஆண்டறிக்கையில் ‘தேய்மானம்’: எந்த விதிப்படி, எவ்வளவு?

கரூர், கும்பகோணம், தூத்துக்குடி என்று நம் ஊர்களில் தலைமையகம் வைத்திருக்கும் வங்கிகளின் பங்குகளை வாங்கியவர்கள் ஆண்டறிக்கையைப் புரட்டினால், நடைமுறைச் செலவுகளைப் பட்டியலிடும் 16-ஆம் அட்டவணையில் கொஞ்சம் தடுமாறுவார்கள். சம்பளம், வாடகை, அச்சுச் செலவு, விளம்பரம் எல்லாம் புரிகிறது. ஐந்தாவதாக ‘வங்கியின் சொத்துகள் மீதான தேய்மானம்’ என்று ஒரு தொகை. இது யாருக்குக் கொடுத்தது? யாருக்கும் இல்லை. சாமான் வாங்கியபோதே பணம் போய்விட்டது. அந்தச் செலவை, சாமான் உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கு பிரித்து எழுதுகிறார்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949-இன் மூன்றாம் அட்டவணை தரும் படிவம் இது. வங்கி தன் விருப்பத்துக்கு வரிசையை மாற்ற முடியாது.

கவுன்ட்டரில் இருக்கும் கணினியையே எடுத்துக்கொள்வோம். விலை 60,000 ரூபாய், ஏப்ரல் 1-ஆம் தேதி ஓடத் தொடங்கியது. ரிசர்வ் வங்கி விதிப்படி கணினிக்கு நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 33.33 சதவீதம். ஆக, மூன்று ஆண்டுகளுக்கு 20,000 வீதம். நாலாவது ஆண்டும் அதே கணினியில்தான் பாஸ்புக் என்ட்ரி போடுவார்கள், புத்தகத்தில் மட்டும் அது பூஜ்யம்.

வருமான வரிக் கணக்கு வேறு. அங்கே குறைந்து செல் மதிப்பு முறை, அதாவது ஒவ்வோர் ஆண்டும் மிச்சமிருக்கும் மதிப்பின் மீதுதான் விகிதம்; கணினிக்கு 40 சதவீதம். முதல் ஆண்டு 24,000, அடுத்து 14,400, பிறகு 8,640. மூன்று ஆண்டு கழித்தும் 12,960 ரூபாய் மிச்சம் நிற்கும். மேசை நாற்காலிக்கு 10 சதவீதம், அலுவலகக் கட்டடத்துக்கு 10, குடியிருப்புக் கட்டடத்துக்கு 5. மனைக்கு இரண்டு கணக்கிலும் தேய்மானம் கிடையாது, மண் தேய்வதில்லையே!

வரிக் கணக்கில் இன்னொரு நிபந்தனை உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதி விகிதம்தான். சாதாரண ஆண்டில் அக்டோபர் 3-க்குள் கணினி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். பில் தேதி போதாது. பெட்டியைப் பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் வைத்து அக்டோபர் 4 அன்று மாட்டினால், 24,000-க்குப் பதில் 12,000. இரண்டு கணக்குக்கும் இடையில் வரும் இந்த வித்தியாசம்தான் அறிக்கையில் ‘ஒத்திவைக்கப்பட்ட வரி’ (பின்வரும் ஆண்டுகளில் சரிக்கட்டப்படும் வரி) என்று தலைகாட்டும் தொகைக்கு ஒரு காரணம்.

தொட்டுப் பார்க்க முடியாத சொத்துக்கும், காலக்கெடு உள்ள உரிமைக்கும் இதே வேலையைச் செய்தால் அமார்டைசேஷன் என்பார்கள். மென்பொருள் உரிமம் ஓர் உதாரணம். வாடகைக் கட்டடத்தில் கிளைக்காகச் செய்த உள் வேலைகளையும் குத்தகைக் காலத்துக்குள் எழுதித் தீர்க்க வேண்டும். பாதியில் கிளையை மாற்றிவிட்டால், மிச்சம் முழுவதும் அந்த ஆண்டின் தலையில் விழும்.

அரசுக் கடன்பத்திரமும் இதில் வரும். முகமதிப்பு 100 ரூபாய் உள்ளதை 104-க்கு வாங்கி, முதிர்வு வரை வைத்திருக்கப் போகிறார்கள், எட்டு ஆண்டு பாக்கி என்று வையுங்கள். கூடுதலாகக் கொடுத்த 4 ரூபாயை ஆண்டுக்குச் சுமார் 50 காசாகக் கழிப்பார்கள். ஆனால் இது 16-ஆம் அட்டவணைக்கு வராது, வட்டி வருமானத்திலேயே கழிந்துவிடும்.

‘முதலீடுகள் மீதான தேய்மானம்’ என்ற சொல்லைப் பார்த்து இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது பத்திரத்தின் சந்தை விலை இறங்கியதால் வருவது. பெயர்தான் ஒன்று.

பங்குதாரருக்கு நேரடியாகத் தொடர்புள்ளது வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. தொடக்கச் செலவு, பங்கு விற்ற கமிஷன் போன்றவற்றைச் சொத்தாகக் காட்டி வைத்திருக்கும் வங்கி, அவற்றை முழுக்க எழுதித் தீர்க்கும் வரை டிவிடெண்ட் தர முடியாது.