கேஸ் முடிந்த பிறகு தொடங்கும் இன்னொரு விசாரணை

லண்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் இருக்கும் வாசகி ஒருவர் போன வாரம் எழுதியிருந்தார். மகளின் பள்ளி வாசலில் தினமும் பார்த்துப் பேசிய ஒரு பெண்ணைக் கணவனே கொன்றுவிட்டான். வழக்கு நடந்து அவனுக்கு ஆயுள் தண்டனையும் ஆகிவிட்டது. அதற்கெல்லாம் பிறகு இப்போது உள்ளூர் நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் மரணத்தை மறுஆய்வு செய்கிறோம், உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். "கேஸ்தான் முடிந்துவிட்டதே, இன்னும் என்ன விசாரணை? எனக்கு என்ன தெரியும்? ஒருநாள் குரல் அடைத்துப்போய் வந்தார், சளி என்றார், அவ்வளவுதான்" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வர வேண்டும்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர், கணவனோ முன்னாள் காதலனோ உறவினரோ அதே வீட்டில் இருப்பவரோ செய்த வன்முறையால் இறந்தால், அந்தச் சாவை அரசாங்கமே மறுஆய்வு செய்ய வேண்டும். சட்டம் 2004-இல் வந்தது. இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2011 ஏப்ரலில். போலீஸ் தகவல் கொடுக்கும், உள்ளூர்ப் பாதுகாப்புக் கூட்டமைப்பு ஒரு குழுவை அமைக்கும், சம்பந்தப்பட்ட எந்த அலுவலகத்தையும் சேராத ஒருவர் அதற்குத் தலைவராக இருப்பார். முடிவில் அறிக்கை பொதுவில் வெளியாகும், பெயர்களை மாற்றித்தான். இறந்தவருக்கு அறிக்கையில் என்ன பெயர் வைக்கலாம் என்று பெரும்பாலும் குடும்பத்தாரிடமே கேட்கிறார்கள். இதை முதலில் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செத்துப்போன மகளுக்கு இரண்டாவது தடவை பெயர் வைக்கும் அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

கொன்றது யார், என்ன எண்ணத்தோடு கொன்றான் என்பதோடு நீதிமன்றத்தின் வேலை முடிந்துவிடுகிறது. சாவதற்கு முந்தைய மூன்று நான்கு வருடங்களில் அந்தப் பெண் எத்தனை பேர் முன்னால் போய் நின்றாள், அவர்கள் என்ன பார்த்தார்கள், என்ன எழுதி வைத்தார்கள், அப்புறம் அந்தக் காகிதம் எங்கே போனது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மறுஆய்வு தொடங்குவதே இந்தக் கேள்விகளிலிருந்துதான். யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இதற்குக் கிடையாது. அதனால்தான் டாக்டரும் டீச்சரும் போலீஸ்காரரும் ஓரளவு மனம் திறந்து பேசுகிறார்கள்.

சரி, இது எப்படி வேலை செய்கிறது? என்னைக் கட்டிப்போட்ட விஷயம் இதில் ஒன்றே ஒன்றுதான். அது ஓர் அட்டவணை.

ஒவ்வொரு அலுவலகமும் தன் பதிவேடுகளைத் தோண்டி, அந்தக் குடும்பத்தோடு நடந்த எல்லாத் தொடர்பையும் தேதி போட்டு எழுதித் தர வேண்டும். குடும்ப டாக்டர், அவசர சிகிச்சைப் பிரிவு, பள்ளி, வீட்டு வசதித் துறை, போலீஸ் எல்லாரும் தனித்தனியாகக் கொடுப்பார்கள். குழு அவற்றை ஒரே அட்டவணையில் கொட்டித் தேதிவாரியாக அடுக்கும். வெறும் எக்செல் வேலைதான். ஆனால் அடுக்கி முடித்ததும், அதுவரை உலகத்தில் யாருமே பார்த்திராத ஒரு கதை கண்முன் வந்து நிற்கும்.

நானே புனைந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். மார்ச் 4: தூக்கமே வருவதில்லை என்று டாக்டரிடம் போகிறாள், மாத்திரை எழுதித் தருகிறார். மே 19: மகன் இந்த மாதத்தில் ஆறாவது தடவை தாமதமாக வந்தான் என்று பள்ளி குறித்துவைக்கிறது. ஜூன் 2: படுக்கையறைக் கதவு உடைந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று வீட்டு வசதித் துறைக்கு விண்ணப்பம் போகிறது. ஜூன் 3: படியில் விழுந்துவிட்டதாகச் சொல்லி அவசர சிகிச்சைக்கு வருகிறாள், மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். ஜூன் 20: சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டார் போலீசுக்குப் போன் செய்கிறார்கள், "வாய்த்தகராறு, காயம் எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டு வண்டி திரும்புகிறது. ஜூன் 24: வாடகையைத் தன் பெயருக்கு மட்டும் மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறாள்.

டாக்டரைக் கேட்டால், தூக்கம் வராதவர்கள் தினமும் பத்துப் பேர் வருகிறார்கள் என்பார். கதவை மாற்ற வந்த தச்சனுக்கு அது ஒரு கதவு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மணி இருந்தது, நூல் யார் கையிலும் இல்லை. ஜூன் 2-ஐயும் 3-ஐயும் அடுத்தடுத்த வரிகளில் பார்த்தால் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட அந்தக் கதவு எப்படி உடைந்தது என்று புரிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வரிகளும் இரண்டு வெவ்வேறு கட்டடங்களில், இரண்டு வெவ்வேறு கணினிகளில் கிடந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். மார்ச்சுக்கும் மேக்கும் நடுவில் இரண்டரை மாதம். அப்புறம் இரண்டு வாரம், ஒரு நாள், பதினேழு நாள், நான்கு நாள். பிரசவ வார்டில் வலி வரும் இடைவெளியைப் பார்த்துத்தான் நேரம் நெருங்கிவிட்டதா என்று நர்ஸ் சொல்வார். இங்கேயும் அதே கணக்குத்தான், நெருங்கி வருவதுதான் வேறு. தனித்தனிப் பதிவேட்டில் இந்த இடைவெளி மொத்தத்தில் சுருங்குவது தெரியவே தெரியாது.

காலியாக இருக்கும் கட்டங்களும் பேசும். "வீட்டில் உனக்குப் பயமாக இருக்கிறதா?" என்று கேட்டதாக எந்த வரியிலும் இல்லை என்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு. புலம்பெயர்ந்து வந்த பெண்களின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சங்கதி உண்டு. அவளுக்கு ஆங்கிலம் வராது, அதனால் டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொன்னவர் கணவனோ அவன் வீட்டாரோதான். லண்டனில் நம் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன என்பதால் இதை அழுத்தியே சொல்கிறேன். அப்படிப்பட்ட அறையில் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. முடிவு தெரிந்த பிறகு படித்தால் எல்லா வரியுமே எச்சரிக்கையாகத்தான் தெரியும். அப்படித் தோன்றுவது மூளையின் பழக்கம், உளவியலாளர்கள் இதை நிறையவே சோதித்திருக்கிறார்கள். அதனால் நல்ல குழு ஒவ்வொரு வரியிலும் நின்று, அன்றைக்கு அந்த அறையில் இருந்தவருக்கு என்ன தெரியும், அவர் என்ன கேட்டிருக்க முடியும் என்று மட்டுமே பார்க்கும்.

ஒரு சாவைப் பார்த்தால் ஒரு கதை கிடைக்கும். நூற்றுக்கணக்கில் பார்த்தால் கதைகளுக்குள் ஒரே எலும்புக்கூடு இருப்பது தெரியவரும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2003 முதல் இப்படி ஒரு குழு இயங்குகிறது. அவர்கள் நாற்பது சொச்சம் ஆபத்துக் காரணிகளைப் பட்டியல் போட்டு எண்ணினார்கள். ஏறக்குறைய பத்தில் ஏழு சாவுகளில் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகள் முன்பே இருந்தன. முன்பு நடந்த வன்முறைக்கு அடுத்தபடி அடிக்கடி வந்தது பிரிவு. அவள் விட்டுப் போய்விட்டாள், அல்லது போகப் போகிறாள். மேலே நான் சொன்ன உதாரணத்தில் ஜூன் 24-ஆம் தேதி வாடகைக் கேள்வி ஏன் கடைசி வரியாக இருக்கிறது என்று இப்போது புரியும்.

இங்கிலாந்தில் முன்னாள் போலீஸ்காரரும் குற்றவியல் ஆய்வாளருமான ஜேன் மாங்க்டன் ஸ்மித் 372 கொலைகளை ஆராய்ந்து 2019-இல் எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார். அடக்கி ஆளுவது, பிரிவு மாதிரியான ஒரு தூண்டல், நிலைமை முற்றுவது, மனம் மாறுவது, திட்டமிடுவது என்று அது படிப்படியாகப் போகிறது. நம் பத்திரிகைகளில் "குடும்பத் தகராறில் ஆத்திரமடைந்த கணவர்" என்று ஒரு வரி வாராவாரம் வருகிறதே, அந்த வரியை இனி எழுதாமலிருந்தால் நல்லது. ஆத்திரம் ஒரு நிமிடத்தில் வந்தது என்று எழுதும்போது, அதற்கு முந்தைய மூன்று வருடங்களை அழித்துவிடுகிறோம். ஊரில் இன்னும் சுலபமாக "அவ தலையெழுத்து" என்று சொல்லிவிடுவார்கள். தலையெழுத்து என்றால் யார் எழுதியது என்று யாரும் தேட மாட்டார்கள். அந்தச் சொல்லின் மேல் எனக்கு அப்படியொரு கோபம்.

இப்போது குரலுக்கு வருகிறேன்.

1995-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் இரண்டு இளம்பெண்கள் துணைவர் கையால் கொல்லப்பட்டார்கள். எங்கே தவறவிட்டோம் என்று அரசு வழக்கறிஞர்கள் தங்களிடம் இருந்த 300 பழைய வழக்குக் கட்டுகளை எடுத்துப் படித்தார்கள். எல்லாம் கழுத்தை நெரித்ததாகப் பெண்கள் புகார் கொடுத்த வழக்குகள். பெரும்பாலானவற்றில் போட்டோ எடுக்கும் அளவுக்குக்கூடக் காயம் இல்லை. அதனாலேயே அவை சில்லறை வழக்குகளாகப் போயிருந்தன.

காயம் ஏன் தெரிவதில்லை? கழுத்தின் பக்கவாட்டில் மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் சிரைகள் மேலாகவும் மென்மையாகவும் இருக்கின்றன. அவை அடைபடத் தோல் கன்றிப்போகும் அளவுக்கு அழுத்தம் தேவையில்லை. ரத்தம் மேலே போய்க்கொண்டே இருக்கும், இறங்க வழியில்லாமல் தேங்கும், கண்ணின் வெள்ளையில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் வரும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ரத்தத்தை ஏற்றும் தமனிகளும் அடைபட்டுச் சில நொடிகளில் நினைவு தப்பும். மூச்சுக்குழாய் கடினமானது, அது மூடுவதற்கு முன்பே இதெல்லாம் நடந்துவிடும். "கத்தினாளே, அப்புறம் எப்படி நெரித்தான்?" என்று கேட்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல நேரம் வெளியே காயம் எதுவும் இருக்காது. குரல்வளை வீங்குவதால் குரல் கரகரக்கும், விழுங்க வலிக்கும். தமனியின் உள்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துப் பக்கவாதம்கூட வரலாம்.

2008-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முன்பு ஒருமுறை துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண், பின்னால் அவரால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கு மேல். இப்படிச் சேர்ந்த அறிவும் பெண்கள் அமைப்புகளின் இடைவிடாத போராட்டமும்தான் இங்கிலாந்தில் சட்டத்தை மாற்ற வைத்தன. 2022 ஜூன் முதல், சாவில் முடியாத கழுத்து நெரிப்பும் அங்கே தனிக் குற்றம். முன்பு "காயம் இல்லை" என்று எழுதி மூடிய அதே வரி, இப்போது ஆபத்துப் பட்டியலின் மேலே நிற்கும்.

தற்கொலைகளையும் 2016 முதல் இங்கிலாந்தின் இந்த மறுஆய்வில் சேர்த்தார்கள். 2023 மார்ச்சோடு முடிந்த ஒரு வருடத்தில், வீட்டு வன்முறைக்கு ஆளாகித் தற்கொலை செய்துகொண்டதாகக் கருதப்படுபவர்கள் 93 பேர். துணைவர் கையால் கொல்லப்பட்டவர்கள் 80. மறுஆய்வின் சட்டப் பெயரிலிருந்து "கொலை" என்ற சொல்லை எடுத்துவிட்டு "மரணம்" என்று மாற்ற 2024-இல் சட்டமே கொண்டுவர வேண்டி வந்தது.

நம் ஊரில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை இருக்கிறதே, அது இதுதானே என்று பலர் கேட்பீர்கள். திருமணமாகி ஏழு வருடத்துக்குள் ஒரு பெண் இறந்தால் அந்த விசாரணை உண்டு. அது வேண்டியதுதான். ஆனால் அது முக்கியமாகத் தேடுவது வரதட்சணையை. எட்டாவது வருடம் இறந்தவளுக்கு அந்த விசாரணை கட்டாயமில்லை. அரசு மருத்துவமனையில் ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவு, அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகாருக்குக் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது, பெண்கள் உதவி எண்ணான 181-க்குப் போன அழைப்பு, மாவட்ட சமூக நல அலுவலகத்தில் ஒரு மனு, இந்த நான்கையும் ஒரே தாளில் தேதிவாரியாக அடுக்கிப் பார்க்கும் கடமை சட்டப்படி யாருக்கும் இல்லை. நாடு முழுக்க 2022-இல் பதிவான வரதட்சணைச் சாவு வழக்குகள் மட்டும் 6,400-க்கு மேல்.

இது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் தமிழ்நாட்டில் அந்தச் சாவைத் தணிக்கை செய்கிறார்கள். வீட்டுக்கே போய்க் கேட்கிறார்கள். எப்போது வலி வந்தது, புறப்பட ஏன் தாமதம், வண்டி எப்போது வந்தது, மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காக்க வைத்தார்கள் என்று எல்லாம் கேட்டு, கலெக்டர் வரை அதைக் கொண்டுபோகிறார்கள். நம் மாநிலத்தில் பேறுகாலச் சாவுகள் குறைந்ததில் அந்தத் தணிக்கைக்கும் பங்கு உண்டு. அதே படிவத்தைக் கொஞ்சம் மாற்றி எழுத எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு மாவட்டத்துக்கு இரண்டு ஆய்வாளர்கள், ஒரு கணினி. இதற்குப் பணமில்லை என்று யார் சொன்னாலும் நான் நம்பத் தயாராக இல்லை.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். எந்த அலுவலகத்துக்கும் போகாதவளுக்கு அட்டவணையில் என்ன இருக்கும்? இருக்கும். அம்மாவின் போனில் இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு வந்து, எடுக்காமல் விட்ட அழைப்பு இருக்கும். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று பதில் போன வாட்சப் இருக்கும். அதற்குத்தான் இங்கிலாந்தில் குடும்பத்தையும் தோழிகளையும் பக்கத்து வீட்டையும் கேட்கிறார்கள். அறிக்கைக்கு அறிக்கை தெரியவருவது, அலுவலகங்களைவிட அதிகம் தெரிந்தவர்கள் இவர்கள்தான், யாரிடம் சொல்வது என்பதுதான் இவர்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே, எழுதிய வாசகிக்கு: போங்கள், சகோதரி. உங்களை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். குரல் அடைத்திருந்தது சளியாகவும் இருந்திருக்கலாம். அன்றைக்கு அவர் கழுத்தில் துணி சுற்றியிருந்தாரா, தண்ணீர் குடிக்கச் சிரமப்பட்டாரா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்று பள்ளியில் ஏதாவது விழாவா? மகளைப் படம் எடுத்திருந்தால் உங்கள் போனில் தேதி இருக்கும். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள்.