பிள்ளையின் கால் குடைச்சலும் போத்தலில் வரும் சத்துகளும்

சென்ற வாரம் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்த தாயார், என் மேசைமேல் மூன்று போத்தல்களை எடுத்து வைத்தார். ஒன்று மெக்னீசியம், ஒன்று சுண்ணாம்புச் சத்து, மற்றொன்று நேரடி விற்பனை முகவர் ஒருவர் எல்லாக் கனிமங்களும் அடங்கியது என்று சொல்லி விற்ற திரவம். படுத்தவுடன் கால்களை உதைத்துக்கொண்டும் தேய்த்துக்கொண்டும் நள்ளிரவுவரை புரளும் அந்தப் பிள்ளைக்கு, இவற்றை மாதக்கணக்கில் கொடுத்தும் பயனில்லை. உடலில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் குடும்பங்களுக்கு மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தக் கதை அலுத்துவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

காலுக்குள் எறும்பு ஊர்கிறது, குறுகுறுக்கிறது, எதுவோ இழுக்கிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். காலை அசைக்காமல் இருக்க முடியாத உந்துதல், ஓய்வாக இருக்கும்போது அது தலைதூக்குவது, நடந்தாலோ பிடித்துவிட்டாலோ தணிவது, மாலையிலும் இரவிலும் கூடுவது ஆகிய நான்கும் சேர்ந்திருந்தால், அது ஓய்வற்ற கால் நோயாக இருக்க வாய்ப்புண்டு. சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் எக்போம் 1945-இல் விரிவாக விவரித்த நோய் இது. எட்டு முதல் பதினேழு வயதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய இருவருக்கு இது இருப்பதாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று காட்டியது. குடும்பவழியாகவும் வரும், பிள்ளையைப் பற்றி நான் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, "எனக்கும் சின்ன வயசுல இருந்தே இப்படித்தான், டாக்டர்" என்று சொல்லும் தகப்பன்மார் பலர். ஒரு காலில் மட்டும் வலி, நொண்டல், மூட்டு வீக்கம், காய்ச்சல், முகம் வெளிறுதல், அடிபடாமலே கன்றிப்போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அது வேறு விஷயம். அப்போது படித்துக்கொண்டிருக்காமல் பிள்ளையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால் என்றாலே மெக்னீசியம் என்ற நம்பிக்கை புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள்வழி வீடுவீடாகப் பரவியிருக்கிறது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்போது தசை இறுகிக் கட்டியாகும், கடுமையாக வலிக்கும், தொட்டால் கைக்குத் தெரியும். ஓய்வற்ற கால் நோயிலோ தசையில் ஒரு கோளாறும் இருக்காது; குறை மூளையில். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டதில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. உண்மையில் தசைப்பிடிப்புக்குக்கூட மெக்னீசியம் முதியவர்களிடம் பெரிதாக உதவவில்லை என்றே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகளின் ஓய்வற்ற கால் நோய்க்கு அது உதவும் என்று சொல்லத்தக்க சான்று இல்லை. நான்கு முதல் எட்டு வயதுவரை, உணவு தவிர்த்து மாத்திரையாகவோ திரவமாகவோ கொடுக்கும் மெக்னீசியம் நாளொன்றுக்கு 110 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரையறை. பெரியவர்களுக்கான ஒரே ஒரு மாத்திரை பெரும்பாலும் இதைவிடக் கூடுதலான அளவைக் கொண்டிருக்கும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபின் அதற்கு மருந்து கேட்டு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சுண்ணாம்புச் சத்து இந்த நோயைத் தணிப்பதில்லை. அதோடு, உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுவதையும் அது தடுக்கிறது.

இந்த நோயில் உண்மையான பங்குள்ள கனிமம் இரும்புதான். உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாக இரும்பு வேண்டும். பிள்ளைக்கு இந்த நோய் இருந்து, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற புரதம் இரத்தத்தில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், இரும்பு மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது மருத்துவர்களின் வழிகாட்டி நெறி. "இரத்தம் பன்னிரண்டு இருக்கிறது, சோகை இல்லை என்று சொல்லிவிட்டார்களே" என்று பெற்றோர் உடனே மறுப்பார்கள். அந்தப் பன்னிரண்டு ஹீமோகுளோபின் அளவு. ஹீமோகுளோபின் கைச்செலவுப் பணம், ஃபெரிட்டின் சேமநிதி. சேமநிதி கரைந்து முடியும்வரை கைச்செலவு குறைவதில்லை. ஆய்வுக்கூட அறிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். இருபது என்ற அளவு பல ஆய்வுக்கூடங்களின் தாளில் எந்த எச்சரிக்கைக் குறியும் இல்லாமல் வரும், ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது போதாது. காய்ச்சலோ சளியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால், பிள்ளை நலமாக இருக்கும் காலைப்பொழுதில் இரத்தம் எடுப்பதே முறை.

இதைக் கேட்டவுடன் மருந்துக்கடைக்குப் போய் இரும்பு வாங்கிவிடாதீர்கள். "சத்துதானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும்" என்ற பேச்சு எனக்கு வரும் எரிச்சலையெல்லாம் மிஞ்சியது. சில வைட்டமின்களுக்கு அது ஓரளவு பொருந்தும்; இரும்புக்குப் பொருந்தவே பொருந்தாது. மிகுதியான இரும்பை வெளியேற்ற நம் உடலில் வழியே இல்லை. தோலும் குடலின் உட்பூச்சும் உதிரும்போது நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் அளவு போகும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் கல்லீரலிலும் இதயத்திலும் பிற உறுப்புகளிலும் படியும். பரம்பரை இரத்த நோயான தலசீமியா உள்ளவர்கள் இரத்தம் ஏற்றிக்கொண்டே, இரும்பை அகற்றவும் வாழ்நாள் முழுவதும் மருந்து எடுப்பதற்குக் காரணம் இதுவே. தலசீமியா பரவலாக உள்ள நாடு நமது. இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பள்ளியிலேயே அதற்கான பரிசோதனை நடக்கிறது. இரும்புக் குறைவில் போலவே, அந்த மரபணுவைச் சுமப்பவர்களின் இரத்த அணுக்களும் சிறுத்தே இருக்கும் என்பதால், இரத்த அணு எண்ணிக்கை ஒன்றை மட்டும் பார்த்து இரும்புக் குறைவு என்று முடிவுகட்டுவது தவறு. ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு கொடுக்க வேண்டாம் என்று நான் கெஞ்சுவது இதனால்தான்.

குறைவு உறுதியானால், அளவைப் பிள்ளையின் எடைக்கேற்ப மருத்துவர் எழுதித் தருவார். மருந்தைக் கொய்யாச் சாற்றோடோ ஆரஞ்சுச் சாற்றோடோ கொடுங்கள். பால், மைலோ, தே தாரிக் (பால் தேநீர்) எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது. மலம் கருத்துப் போவது இயல்பு. ஒரு வாரத்தில் கால் அடங்கவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பார்த்தபின்தான் தொடர்வதா நிறுத்துவதா என்று சொல்ல முடியும். இரும்பு ஏன் குறைந்தது என்பதும் தெரிய வேண்டும்: வெறுங்காலோடு மண்ணில் விளையாடும் பிள்ளைக்குக் கொக்கிப்புழு, வயதுக்கு வந்த பெண்ணுக்கு மிகுந்த உதிரப்போக்கு, சோறு தொடாமல் பாலிலேயே வயிறு நிரப்பும் சின்னஞ்சிறுசு.

தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் சளி, இருமல் திரவங்களில் கலந்திருக்கும். அவை இந்தக் கால் குடைச்சலைக் கூட்டும். ஊற்ற ஊற்றப் பிள்ளை இன்னும் உதைக்கிறது என்று வியப்பதில் பொருளில்லை, நிறுத்துங்கள். மாலைக்குப்பின் காப்பி, தேநீர், கோலா பானங்களும் வேண்டாம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியதோ முகவர் தந்ததோ, பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண்ணும் ஒளிரும் பாதுகாப்பு ஒட்டுத்தாளும் இல்லாதது பிள்ளையின் வாய்க்குப் போகக் கூடாது. பதிவு எண் இருப்பது அந்தப் பொருள் இந்த நோயைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றாகாது என்பதையும் முகவர்கள் சொல்ல மாட்டார்கள்.

கர்ப்பக் காலத்தில் அரசாங்கக் கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரைகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்பு உண்டு. 15 கிலோ எடையுள்ள பிள்ளை ஐந்தை விழுங்கினாலே நச்சுத்தன்மையின் அறிகுறிகள் தொடங்கக்கூடும். பதினான்கு உயிருக்கே ஆபத்து. அவற்றைப் பூட்டி வையுங்கள், தேவையில்லாதவற்றை மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். பிள்ளை விழுங்கியிருப்பதாகச் சந்தேகம் வந்தாலே, போத்தலையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதலில் வாந்தி வந்து, பிறகு சில மணி நேரம் பிள்ளை தெளிந்ததுபோல் தோன்றும். அதை நம்பி வீட்டில் இருந்துவிட்டால், அடுத்து வரும் கட்டத்தில் கல்லீரல் பழுதாகும்.